ஆறாம் வயதுக் கடைவாய்ப்பல்

பல் வைத்தியத்தை ஜீவனோபாயமாகக் கொண்ட எங்களுக்கு, மற்ற வைத்தியர்களுக்கு இல்லாத மனக்குறை ஒன்று உண்டு. குழந்தைக்கு ஆறு வயது நடக்கும்போது, பால் பற்களுக்கெல்லாம் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே, வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் வாயின் நான்கு கோடிகளிலும் வந்து சேருகிற முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல்லைப் பெற்றோரில் பெரும்பாலோர் பால் பல்லென்றே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். பால் பல் விழுந்து அதே இடத்தில் வேறொன்று முளைத்தால்தான் நிரந்தரப் பல் என்பது உலக வழக்கில் ஊறிப்போன சித்தாந்தம். விழாத இடத்தில் முளைத்த பல்லுக்கு அந்தச் சித்தாந்தத்தில் இடம் கிடையாது. சேலத்தில் நான் தொழில் நடத்திய காலமெல்லாம், எட்டு வயதுப் பிள்ளையின் கன்னம் வீங்கிய பிறகு அதன் கையைப் பிடித்து இழுத்து வந்து, "பால் பல்லுதானுங்களே டாக்டரய்யா, புடுங்கிப் போடுங்க, திரும்ப மொளைச்சிக்குமுங்க" என்று சொல்லும் தாய்மாரிடம், "இது போனா மொளைக்காதும்மா, கடைசி வரைக்கும் இது ஒண்ணுதான்" என்று பதில் சொல்வது என் நித்திய கர்மங்களில் ஒன்றாகவே ஆகிவிட்டது.

இந்தப் பல்லிடம் எனக்குள்ள பக்ஷபாதத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. ஆறாம் வயதில் வெளியே தலைகாட்டினாலும், இதன் முகடுகளில் முதல் சுண்ணாம்புச் சத்துப் படிவது குழந்தை ஜனிக்கிற சமயத்தை ஒட்டியே ஆரம்பமாகி, தாடையெலும்புக்குள் மறைந்திருந்தபடியே இரண்டரை மூன்று வயதுக்குள் இதன் தலைப்பகுதி முழுவதும் உருவாகி முடிந்துவிடுகிறது. அத்தலைக்குக் கவசமாக அமைந்த எனாமல், எடையில் நூற்றுக்கு 96 பங்கு தாதுப்பொருளே. அதைச் சுரந்து கட்டிய உயிரணுக்கள் பல் ஈற்றைப் பிளந்துகொண்டு வெளிவரும்போது அழிந்துபோகின்றன. ஆகையால், கட்டும்போது நேர்ந்த குறையை இட்டு நிரப்பவோ மறைக்கவோ பிறகு அங்கே ஆள் இல்லை. எலும்பு முதலான மற்றவையெல்லாம் பள்ளிப் பிள்ளையின் சிலேட்டைப் போல ஆயுள் முழுவதும் அழித்து அழித்து எழுதப்படுபவை. எனாமலுக்கு அடியிலுள்ள டென்டின்கூட முதுமை வரையில் உட்புறமாகச் சிறிது சிறிதாக வளர்ந்து, நடுவிலுள்ள மஜ்ஜைக் குழியைச் சுருக்கிக்கொண்டே வருவது. எனாமல் ஒன்றுதான், தேய்ந்தாலும் சொத்தையில் கரைந்தாலும், மிஞ்சியிருக்கிற மட்டும் பால்யத்தில் இருந்தபடியே இருக்கிறது. அறுபது வயதுக் கிழவரின் வாயில் நான் பார்க்கும் அந்தப் பல், அவர் தாயின் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்த நாளில் செய்யப்பட்டது என்பதை, எத்தனை வருஷம் ஆனாலும் ஒரு வியப்பில்லாமல் என்னால் நினைக்க முடிவதில்லை.

சில வருஷம் மாணவர்களுக்குப் பல்லமைப்புப் பாடம் சொல்லிக்கொடுத்தபோது, பிடுங்கிய பற்களைச் சுத்தம் செய்து போட்டு வைத்த பழைய பிஸ்கட் டப்பா ஒன்று என் மேஜையில் இருக்கும். அதிலிருந்து ஒரு பல்லை எடுத்துக் கையில் கொடுத்து, இது மேல் தாடையா கீழ்த் தாடையா, வலமா இடமா, எத்தனையாவது பல் என்று கேட்பது வழக்கம். மேல் தாடையின் முதல் கடைவாய்ப்பல்லில் ஒரு முகட்டிலிருந்து எதிர் மூலை முகட்டுக்குக் குறுக்கே ஓடும் வரம்பையும், நாக்குப் பக்கத்தில் சிலருக்கு மட்டும் இருக்கும் காரபெல்லி முகடு என்ற சிறு புடைப்பையும், கீழ்த் தாடைப் பல்லின் ஐந்து முகடுகளையும், வேர் நுனி பெரும்பாலும் பின்பக்கமாகச் சாய்ந்திருப்பதையும் கண்ணைத் திறந்து பார்ப்பவனுக்கு இக்கேள்விகள் ஒரு பொருட்டே அல்ல. ஆனால் புத்தகத்தை நெட்டுருப் போட்டவன் முழி பிதுங்கிப் போவான். மெழுகுக் கட்டியில் பல்லைச் செதுக்கிப் பழகும் அந்தப் பாடத்தை வீண் சிரமம் என்று இளையவர்கள் முணுமுணுப்பதுண்டு. செதுக்கத் தெரியாதவனுக்குப் பார்க்கவும் தெரியாது என்பது என் அபிப்பிராயம்.

அதன் பிறகு பல்லை நெடுக்காக அறுத்து, அந்தத் துண்டை விரல் நுனியால் அழுத்தியபடி கார்போரண்டம் கல்லில் தண்ணீர் விட்டுத் தேய்ப்போம். முதலில் சொரசொரப்பான கல்லிலும் பின்பு நைஸான கல்லிலுமாகத் தேய்த்து, அவ்வப்போது துடைத்து ஒரு செய்தித்தாளின் மேல் வைத்துப் பார்த்து, கீழேயுள்ள எழுத்து பல்லினூடே தெரிகிற வரையில் மெலிய வைக்க வேண்டும். பல்லோடு நம் நகமும் தேயும். அவசரப்பட்டால் மிக முக்கியமான ஓரம் உதிர்ந்துபோகும். அதைக் கண்ணாடிச் சில்லில் ஒட்டி மைக்ராஸ்கோப்பில் வைத்தால், எனாமலில் சாய்வாகச் செல்லும் பழுப்பு நிறக் கோடுகள் முதலில் கண்ணுக்குப் படும். ரெட்ஸியஸ் என்ற ஸ்வீடன் தேசத்துப் பண்டிதரின் பெயரால் வழங்கும் இவற்றுக்கிடையே, உருப்பெருக்கத்தைக் கூட்டிப் பார்த்தால், அவற்றினும் நுண்ணிய குறுக்குக் கோடுகள் தெரியும். அந்த நுண்கோடு ஒவ்வொன்றும் ஒரு நாளின் வளர்ச்சி. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கிட்டால் அதில் ஏறத்தாழ நான்கு பங்குதான் அந்த ஒரு நாள். பழுப்புக் கோடுகளுக்கு இடையே ஒருவருக்கு ஏழு நாளும் மற்றொருவருக்கு ஒன்பது நாளுமாக இருக்கலாம். ஆனால் ஒரே மனிதரின் பற்கள் அனைத்திலும் அந்த எண்ணிக்கை மாறுவதில்லை. ஏன் அப்படி ஒரு தாளகதி அமைந்ததென்று மாணவர் கேட்டால், சரீரத்தின் ஏதோவொரு லயம் என்பதற்கு மேல் நான் சொன்னதில்லை.

பால் பல்லையோ ஆறாம் வயதுப் பல்லையோ அவ்வாறு தேய்த்துப் பார்த்தால், மற்றக் கோடுகளைவிடத் தடித்த ஒரு கோடு தனித்துத் தெரிவதுண்டு. 1936இல் சிகாகோவைச் சேர்ந்த ஐசக் ஷூர் என்பவர் விரிவாக விவரித்த அது, ஜனனக் கோடு. கர்ப்பத்தில் தாயின் ரத்தத்தால் போஷிக்கப்பட்ட சிசு, வெளியுலகுக்கு வந்து தானாக மூச்சுவிட்டுத் தானாகப் பால் குடிக்கத் தொடங்கும் அந்தச் சில நாட்களின் தடுமாற்றம் அக்கோடாக நிற்கிறது. பால் பல்லில் அக்கோட்டுக்கு உட்புறம் இருப்பது தாய் உண்ட ஆகாரம். வெளிப்புறம் இருப்பது குழந்தையின் சொந்த வாழ்வு.

மைக்ராஸ்கோப் இல்லாமலே, வெறும் கண்ணுக்குத் தெரியும்படியான தடங்களும் உண்டு. பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தியை அவளுடைய அத்தை அழைத்து வந்திருந்தாள். மேல் நடு வெட்டுப்பற்கள் இரண்டிலும், சரி பாதி உயரத்தில், நகத்தால் தடவினால் தட்டுப்படும் ஒரு பள்ளம் குறுக்கே ஓடியது. கோரைப்பல்லில் அதே பள்ளம் நுனியை ஒட்டியும், ஆறாம் வயதுக் கடைவாய்ப்பல்லில் ஈற்றுக்குச் சமீபத்திலும் இருந்தது. அவற்றுக்கு நடுவே நிற்கும் முன்கடைவாய்ப்பற்களோ மாசு மறுவின்றி இருந்தன. பார்ப்பவருக்கு இது தாறுமாறாகத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு பல்லும் வெவ்வேறு காலத்தில் தொடங்கி வெவ்வேறு காலத்தில் முடிவதால், இரண்டு வயதை ஒட்டிய சில வாரங்களில் ஒரு பல் பாதியும், ஒரு பல் நுனியும், ஒரு பல் முக்கால்வாசிக்கு மேலும் உருவாகியிருக்கும். இன்னொன்று அப்போதுதான் தொடங்க இருக்கும். "ரெண்டு வயசு வாக்குல கொழந்தைக்குப் பெரிசா ஏதாச்சும் ஒடம்புக்கு வந்துச்சாம்மா?" என்று கேட்டேன். அந்த அம்மாள் என்னை ஜோசியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, மணல்வாரி அம்மை போட்டதையும், அது இறங்கியதும் வயிற்றுப்போக்குக் கண்டு பிள்ளை எலும்பும் தோலுமாக ஆனதையும், அவ்வளவுக்கும் அது தாய்ப்பால் மறந்த சமயம் என்பதையும் சொன்னாள்.

இதில் ஜோசியம் ஒன்றுமில்லை. லோகன், குரோன்ஃபெல்ட் என்ற இருவர் 1933இல் வெளியிட்ட காலக்கிரம அட்டவணையை மனப்பாடம் செய்த எவனும் இதைச் சொல்லலாம். அவர்கள் பரிசோதித்தவை, அகாலத்தில் மரித்த, சொற்பமான சில குழந்தைகளின் தாடைகளே. நோயில் வாடி இறந்த பிள்ளைகளின் பற்களைக்கொண்டு ஆரோக்கியமான பிள்ளைகளின் வளர்ச்சியை அளந்தது எவ்வளவு சரி என்ற ஆக்ஷேபணை பிற்காலத்தவரால் எழுப்பப்பட்டு, திருத்தங்களும் வந்திருக்கின்றன. எப்படியாயினும் அந்தப் பள்ளம் சொல்வது எப்பொழுது என்பதை மட்டுமே. எது என்பதைச் சொல்லாது. அம்மையும் பஞ்சமும் கடும் ஜுரமும் ஒரே தடத்தைத்தான் இட்டுச் செல்கின்றன. அம்மை என்று சொன்னவள் அத்தையே தவிர பல் அன்று.

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களில் பாறைக்கு அடியிலிருந்து வரும் நீரில் ஃபுளோரைடு மிகுந்திருப்பதை அப்பக்கத்தார் இப்போது நன்றாக அறிவார்கள். அங்கிருந்து வந்த அண்ணன் தம்பி இருவரை நான் பார்த்தேன். அண்ணனின் பற்கள் சுண்ணாம்பு பூசியவை போல் வெளிறி, முன்பற்களில் பழுப்பும் கறுப்புமாகத் திட்டுக்கள் படிந்து, அங்கங்கே எனாமல் பொரிந்தும் இருந்தன. தம்பியின் பற்களோ பளிச்சென்றிருந்தன. அண்ணன் பல் துலக்காத சோம்பேறி என்று வீட்டிலும் பள்ளியிலும் பெயரெடுத்து, அந்த அவமானத்தால் செங்கற்பொடியும் உப்புமாகப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, இருந்த எனாமலையும் கெடுத்துக்கொண்டிருந்தான். வலப்புறத்துப் பல்லில் எந்த உயரத்தில் திட்டு இருக்கிறதோ, இடப்புறத்து ஜோடிப் பல்லிலும் அதே உயரத்தில் இருந்தது. அழுக்கு அப்படி ஜோடி பார்த்துப் படியாது. "எட்டு வயசு வரைக்கும் எந்தத் தண்ணிப்பா குடிச்சே?" என்று கேட்டதில் விஷயம் வெளியாயிற்று. அவன் கிராமத்தில் ஆழ்குழாய்க் கிணற்று நீரில் வளர்ந்தவன். குடும்பம் சேலத்துக்குக் குடிபெயர்ந்த பிறகு பிறந்த தம்பி மேட்டூர்க் காவிரித் தண்ணீரில் வளர்ந்தவன். ஞானப்பல் நீங்கலாக மற்றப் பற்களின் தலைகள் எல்லாம் எட்டு வயதுக்குள் உருவாகி முடிந்துவிடுவதால், அதற்குப் பின் எந்தத் தண்ணீரைக் குடித்தாலும் அவற்றில் திட்டு விழாது. அதற்கு முன் விழுந்த திட்டு எந்தத் தண்ணீராலும் போகாது. அந்தப் பையனுக்கு நான் செய்த சிகிச்சையைவிட, அவன் தகப்பனார் எதிரில், "இது இவன் தப்பு இல்லீங்க, கெணத்துத் தண்ணி பண்ணின வேலை" என்று சொன்னதுதான் அதிக பலன் தந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இந்த உண்மையை முதலில் துருவியவர் 1901இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற மலையூரில் தொழில் தொடங்கிய ஃபிரெடெரிக் மக்கே என்ற இளம் பல் வைத்தியர். ஊரில் பிறந்து வளர்ந்தவர்களின் பல்லில் மட்டும் பழுப்பேறி, பெரியவர்களான பின் குடியேறியவர்களின் பல் சுத்தமாயிருப்பதைக் கவனித்து, காரணம் தண்ணீரில்தான் இருக்கவேண்டும் என்று அவர் ஊகித்தார். தண்ணீரில் எது என்பது அகப்படுவதற்கு முப்பது வருஷம் பிடித்தது. 1931இல் ஓர் அலுமினியக் கம்பெனியின் ரசாயன நிபுணரான சர்ச்சில் என்பவர், தங்கள் கம்பெனி ஊரின் குடிநீரைப் பரிசோதித்தபோது ஃபுளோரைடு பிடிபட்டது. கறை படிந்த அந்தப் பற்களில் சொத்தை குறைவு என்பதையும் மக்கே குறித்திருந்தார். அளவான ஃபுளோரைடு பல்லைக் காக்கும் என்ற பிற்காலத்துக் கொள்கைக்கு அதுவே வித்து. நம் பக்கத்தில் 1937இல், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் ஜில்லாவில், ஷார்ட் என்ற துரையும் அவருடைய இந்திய சகாக்களும் இதே விஷம் பல்லோடு நில்லாமல் முதுகெலும்பையும் மூட்டுக்களையும் இறுகச் செய்து மனிதரை முடமாக்குவதை எழுதினார்கள். பல்லில் கண்ட கறையை அழுக்கென்று ஏசாமல் எச்சரிக்கையென்று எடுத்துக்கொண்டிருந்தால் எத்தனையோ முதுகுகள் நிமிர்ந்திருக்கும்.

ஆகாரத்தைப் பற்றிப் பல் சொல்வதற்கு வருகிறேன். என் ஆரம்ப காலத்தில் வந்த கிராமத்து முதியவர்களின் கடைவாய்ப்பற்கள், முகடுகள் முற்றும் தேய்ந்து, எனாமல் ஓரத்தில் மட்டும் விளிம்பாக நிற்க, நடுவில் டென்டின் மஞ்சளும் பழுப்புமாகக் குழிந்திருக்கும். ஆனால் சொத்தை அதிகம் இராது. ராகிக் களி தின்ற பல் என்று அதைச் சொல்லுவது சுலபம். களியை யாரும் மெல்லுவதில்லை, குழம்பில் தோய்த்து விழுங்குகிறார்கள் என்பது தெரிந்தவர் அப்படிச் சொல்லமாட்டார். கல் திரிகையிலும் உரலிலும் பட்ட தானியத்தோடு கலந்த கல் மாவும், வறுத்த பயறும், ஓயாமல் போட்ட வெற்றிலை பாக்கும் செய்த தேய்வு அது. செங்கற்பொடியும் மணலும் செய்யும் தேய்வு வேறு. அது மெல்லும் பரப்பை விட்டு, உதட்டுப் பக்கத்தில், பல்லின் கழுத்தில் ஆப்பு வைத்தாற்போல் வெட்டியிருக்கும். வலக்கைக்காரருக்கு இடப்புறக் கோரைப்பல்லில் அது ஆழமாக இருக்கும். நூலைக் கடித்துக் கடித்து மேல் வெட்டுப்பல்லின் விளிம்பில் ஒரு சிறு வாய்க்கால் விழுந்திருந்தால், தையற்காரரா என்று கேட்டுக்கொண்டே நாற்காலியைச் சாய்ப்பேன்.

அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் வாயில் தேய்வும் இல்லை, பல்லும் இல்லை. சர்க்கரை வாயில் பட்ட சில நிமிஷங்களில் பல்லின் மேல் படிந்த கிருமிப் படலம் அமிலமாகி, அரைமணி நேரத்துக்கு மேலும் எனாமலை அரிக்கிறது. ஆகவே எவ்வளவு தின்றோம் என்பதைவிட எத்தனை தடவை தின்றோம் என்பதே கேள்வி. ஸ்வீடனில் லுண்டு நகரத்தில் இருந்த விபேஹோல்ம் என்ற மனவளர்ச்சி குன்றியோர் விடுதியில் 1945 முதல் நடந்து 1954இல் பிரசுரமான பரிசோதனை இதை நிலைநாட்டியது. சாப்பாட்டோடு சர்க்கரை சேர்த்தவர்களுக்குச் சிறிதே கெடுதல். இடையிடையே பல்லில் ஒட்டும் மிட்டாய் தின்றவர்களுக்குப் பெருங்கெடுதல். வேண்டாமென்று சொல்லும் புத்தி இல்லாத அபலைகளின் பல்லை வேண்டுமென்றே கெடுத்துப் பெற்ற ஞானம் அது. அந்தப் பாடத்தை நோயாளிகளுக்கு ஆயிரம் முறை ஒப்பித்திருக்கிறேன்; மனம் கூசாமல் ஒப்பித்ததாகச் சொல்ல முடியாது.

ரசாயன முறையில் பார்ப்பவர்கள் இன்னும் நுட்பமாகப் போய்விட்டார்கள். கம்பு, சோளம், கேழ்வரகு ஆகியவை காற்றிலிருந்து கரியை வாங்கும் வழி வேறு, நெல்லும் கோதுமையும் வாங்கும் வழி வேறு. ஆதலால் கனமான கரியணுவின் விகிதம் புன்செய்த் தானியத்தில் சற்றுக் கூடுதல். அது உண்டவரின் எனாமலில் அப்படியே தங்கிவிடுகிறது. புதைகுழியில் கிடைத்த ஒரு தாடையில் ஆறாம் வயதுப் பல்லைப் பரிசோதித்தால் சைசவத்து ஆகாரமும், ஏழெட்டு வயதுக்கு மேல் உருவாகும் ஞானப்பல்லைப் பரிசோதித்தால் சிறுவனாக இருந்தபோது உண்ட ஆகாரமும் தெரியும். இரண்டும் வேறுபட்டால் அவன் ஊர் மாறினானா, குடும்பத்தின் நிலை மாறியதா என்று விசாரிக்கலாம்.

அணுகுண்டுச் சோதனைகளின் காலத்தில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் நடந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகள் விழுந்த பால் பல்லைச் சாணி உருண்டையில் பொதிந்து கூரை மேல் எறிவார்கள். அந்த நகரத்துப் பிள்ளைகள் 1958 முடிவிலிருந்து அதைத் தபாலில் அனுப்பிவிட்டு, பதிலுக்கு ஒரு பொத்தான் சின்னம் பெற்றுச் சட்டையில் குத்திக்கொண்டார்கள். லூயீஸ் ரைஸ் என்ற பெண் டாக்டர் முன்னின்று நடத்திய அந்தச் சேகரத்தில் லக்ஷக்கணக்கான பற்கள் சேர்ந்தன. குண்டுத் தூசியிலிருந்து புல்லுக்கும், புல்லிலிருந்து பசுவுக்கும், பாலிலிருந்து குழந்தைக்கும் சென்ற ஸ்ட்ரான்ஷியம் 90, சுண்ணாம்புச் சத்தென்று சரீரம் ஏமாந்து பல்லில் கட்டிக்கொண்டது. சோதனைகள் பெருகப் பெருக, அந்தந்த வருஷத்தில் பிறந்த குழந்தைகளின் பல்லில் அது பன்மடங்கு ஏறியது. வான்வெளிச் சோதனையைத் தடுத்த 1963ஆம் வருஷத்து உடன்படிக்கைக்கு முன் நடந்த வாதப் பிரதிவாதங்களில் இந்தப் பால் பற்களும் சாக்ஷி சொல்லியிருக்கின்றன.

தாடையைப் பற்றி ஒரு வார்த்தை. ஞானப்பல்லுக்கு இடமில்லாமல் அது படுத்துக்கொண்டு படுத்தும் பாடு, மென்று தின்ற தலைமுறையில் இவ்வளவு இல்லை. அடிலெய்டு நகரத்துப் பெக் என்பவர் 1954இல் ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் பற்களைக் காட்டி, முரட்டு ஆகாரத்தால் பல்லுக்கும் பல்லுக்கும் இடையே தேய்ந்து வரிசை குறுகுவதே இயற்கை, நமக்கு அது நேராததால்தான் நெரிசல் என்று வாதித்தார். வாதத்தில் சாரம் உண்டு. அதைச் சாக்காகக் கொண்டு தெற்றுப்பல் பிள்ளைகள் எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு நான்கு நல்ல பற்களைப் பிடுங்கியவர்களை நான் மன்னிக்கத் தயாரில்லை.

பல்லைக்கொண்டு வயதைச் சொல்லும்படி கேட்பது பழைய வழக்கம். இங்கிலாந்தில் 1833ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், ஒன்பது வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை நெசவாலைகளில் வைக்கக்கூடாதென்றது. பிறப்புப் பதிவோ அங்கே 1837இல்தான் ஆரம்பமாயிற்று. உயரத்தைப் பார்த்து வயது மதித்ததால், வறுமையில் குறுகிய பிள்ளைக்கும் வளர்ந்த பிள்ளைக்கும் நியாயம் கிடைக்கவில்லை. அந்த 1837இலேயே எட்வின் சாண்டர்ஸ் என்ற பல் வைத்தியர், ஏறத்தாழ ஆயிரம் பிள்ளைகளின் வாயைப் பார்த்து, உயரத்தைவிடப் பல்லே நம்பத்தக்கது என்று பார்லிமெண்டுக்கு ஒரு பிரசுரம் சமர்ப்பித்தார். வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடக்காதைத் தொடச் சொல்லி ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொண்ட நம் ஊர் வாத்தியார்கள், ஆறாம் வயதுப் பல் வந்துவிட்டதா என்று வாயைத் திறந்து பார்த்திருந்தால் இன்னும் நெருங்கிய விடை கிடைத்திருக்கும்.

என்னிடமும் போலீஸார் வயதுச் சான்றுக்காக ஆட்களை அழைத்து வருவார்கள். சிறு பிள்ளையானால் தொல்லையில்லை. ஒரே சமயத்தில் பல பற்கள் வளர்ந்துகொண்டிருப்பதால், ஒன்று சொல்வதை மற்றொன்று சரிபார்க்கும். பன்னிரண்டு பதின்மூன்றில் இரண்டாம் கடைவாய்ப்பல்லும் வந்து, பதினைந்து வாக்கில் அதன் வேரும் முடிந்துவிட்டால், பிறகு ஞானப்பல் ஒன்றுதான் கதி. அதுவோ பதினேழிலும் வரும், இருபத்தைந்திலும் வரும், சிலருக்கு வராமலே போகும். சட்டமோ சரியாகப் பதினெட்டில் கோடு கிழிக்கிறது. எக்ஸ்ரேயில் ஞானப்பல்லின் வேர் பாதிக்கு மேல் வளர்ந்து நுனி திறந்திருந்த ஒரு பையனுக்கு, பதினாறு முதல் பத்தொன்பது வரை என்று நான் எழுதிக்கொடுத்ததற்காக, கூண்டில் ஏற்றி, பதினேழா பதினெட்டா என்று ஒரு வக்கீல் அரைமணி நேரம் குடைந்தார். வேர் நுனி மூடியிருந்தால் வேறு எழுதியிருப்பேன், மூடவில்லை என்றே ஒவ்வொரு முறையும் பதில் சொன்னேன். கடைசியில் நீதிபதி, போதும் உட்காருங்கள் என்று வக்கீலைப் பார்த்துச் சொல்லிவிட்டு, பள்ளிக்கூடத்து ரிஜிஸ்தரைக் கொண்டுவரும்படி உத்தரவிட்டார்.